தலைமாட்டுப் பக்கம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை வெளிய விடாதீங்க, கையோட எடுத்துட்டு வந்துருங்க. இங்க ஒண்ணும் காணாமப் போகாதுன்னு சொல்லுவாங்க. சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும், நீங்க உள்ள வைங்க.

மேடான்லேந்தா வர்றீங்க? கோயில் கமிட்டியா? சரி. அடையாள அட்டை இருக்கா? தப்பா நினைக்காதீங்க. ஊருக்குள்ள நுழையறப்ப போர்டு ஒண்ணு பாத்திருப்பீங்களே, வெளியாளு வந்தா ஒரு நாளைக்குள்ள தலைவர்கிட்ட சொல்லணும்னு. மத்தவங்களுக்கு அது வெறும் பலகை. நான் அதைப் படிச்சு நடக்கறவன். குணாளனா. போட்டோவுல கொஞ்சம் ஒல்லியா இருக்கீங்க. இருக்கட்டும், உக்காருங்க.

அனுப்பினது யாரு, தலைவர்தானே? தெரியும். தமிழாளு ஒருத்தர் வந்து நல்ல வார்த்தை சொன்னா முத்து கேப்பான்னு நினைச்சிருப்பாரு. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லணும், அதுதானே சேதி? சொல்லுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா முதல்ல நான் சொல்றதை முழுசா கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

மெதுவா பேச வேண்டியதில்ல. நான் புகார் கொடுத்த அந்தாளு உள் ரூம்லதான் படுத்திருக்கான், அவனுக்குத் தமிழ் தெரியாது. பேரை மட்டும் சொல்லக் கூடாது. பொனிரான்னு காதுல விழுந்தா போதும்... பாத்தீங்களா, கட்டில் சத்தம். எழுந்து உக்காந்துட்டான். நாம அவன் இவன்னே பேசிக்குவோம்.

ஆமா, இது அவன் வீடுதான். புகார் கொடுத்தவன் நான், இருக்கறது அவன் வீட்டுல. அதுக்குக் காரணம் இருக்கு, அதுக்கும் வர்றேன்.

என் பேரு அங்கமுத்து. இந்த ஊருல பாக் முத்துன்னு கூப்பிடுவாங்க, பாக்னா நம்ம ஐயா மாதிரி. எண்ணெய்ப்பனை மில்லுக்கு லாரி ஓட்டினவன். கடைசி காலத்துல இந்த பாயா லாலாங் ஊருல கொஞ்சம் நெலம் வாங்கினேன், பலகை வீடு கட்டினேன், ஓடை ஓரமா பாக்கு மரம் வச்சேன், ரெண்டு ஆடு. ஊரு பூரா ஜாவாக்காரங்க. தமிழ்ல பேசறதுக்கு இருந்தது என் சம்சாரம் அமராவதி ஒருத்திதான். அவளும் போன மழைக்காலத்துல போய்ட்டா. இப்ப நான் தமிழ் பேசினா ஆடுதான் கேக்கும்.

என் வேலிக்கு அந்தப் பக்கம் இவன் வீடு. தோட்டத்துல பனைக்குலை அறுக்கற வேலை. நீளமான கம்பு, நுனியில அருவா, அண்ணாந்து பாத்துக்கிட்டே அறுக்கணும். அந்த வேலைக்குத் தோளும் கையும் இரும்பு மாதிரி இருக்கணும். இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, அவ்வளவு பலமான ஆளு, பக்கத்து வீடு, வேலி முட்டளவு உசரம். நான் நிம்மதியா தூங்க முடியுமா?

இந்த ஊருல ஒரு பழக்கம் உண்டு தம்பி. வெளிய கெளம்பினா பக்கத்து வீட்டுல போய், வீட்டைப் பாத்துக்கங்கன்னு ஒப்படைச்சிட்டுத்தான் போவாங்க. சந்தைக்குப் போனாலும் சொல்லுவாங்க, கல்யாணத்துக்குப் போனாலும் சொல்லுவாங்க. அமராவதியும் இதைக் கத்துக்கிட்டா. இவன் பொண்டாட்டி சூமினிகிட்ட, "சூமினி, வீட்டைப் பாத்துக்க"ன்னு சொல்லிட்டுத்தான் செருப்பே மாட்டுவா. நான் தலையில அடிச்சுக்குவேன். வீட்டுல ஆளில்லன்னு நாமளே போய்ச் சொல்லிக் கொடுக்கறதா? எப்ப போறோம், எப்ப வருவோம்னு வேற சொல்றது. அவ சிரிப்பா. "உங்களுக்கு லாரிக்குப் பின்னாடி வர்ற வண்டியெல்லாம் கொள்ளைக்காரன்"ன்னு சொல்லுவா. அவ போனதுக்கப்புறம் நான் அந்தப் பழக்கத்தை நிறுத்திட்டேன்.

நிறுத்தினது மட்டுமில்ல, அதுக்கு மாத்தும் கண்டுபிடிச்சேன். வெளிய போறப்ப ஆளு இருக்கற மாதிரியே வச்சிட்டுப் போவேன். வாசல்ல ஒரு ஜோடி செருப்பு. ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும். முன்கதவை உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுப் பின்னாடி அடுப்படி வழியா நழுவிருவேன். கட்டில்ல நீளத் தலகாணி, இங்க குலிங்னு சொல்வாங்க, கட்டிப் பிடிச்சுப் படுக்கறது, அதை நீட்டி வச்சு மேல கம்பளியைப் போத்தி விடுவேன். தலைமாட்டுல என் குல்லா. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா பாக் முத்து சாப்பிட்டுட்டு அசந்து தூங்கறான்னுதான் தெரியும். நானே ஒரு நாள் வெளிய நின்னு பாத்து ஏமாந்துட்டேன்.

இன்னொண்ணும் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா என்ன, இப்பத்தான் ஊருக்கே தெரியுமே. அமராவதியோட தாலிக்கொடி, வளையல், தோடு எல்லாத்தையும் துணியில முடிஞ்சு அந்தக் குலிங்குக்குள்ளயே வச்சுத் தச்சிருந்தேன், தலைமாட்டுப் பக்கமா. பீரோவை உடைப்பான், பொட்டியை உடைப்பான், தூங்கற ஆளை எவன் தொடுவான்?

இந்த வருசம் வெயில் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஓடை வத்திப் போச்சு, லாலாங் புல்லு ஆளுயரத்துக்குக் காஞ்சு நிக்குது. கையில காசில்லாத காலம் வந்தாலே களவும் வந்துரும். அடுத்த ஊருல மாடு போச்சு, தோட்டத்துல பனைக்குலை போச்சு, எனக்குப் பாக்கு போச்சு. நல்லாப் பழுத்த பாக்கு, காலையில போய்ப் பாத்தா குலையில பாதி இல்ல. மரத்தடியில மேல்தோலைக் கடிச்சுத் துப்பின கொட்டை கெடக்கு. அணில் தின்னுதுன்னு காட்டறதுக்காக ஒருத்தன் பல்லால கடிச்சுப் போட்டிருக்கான். எவ்வளவு பொறுமை வேணும் பாருங்க.

இவன்கிட்டயே கேட்டேன். "பாக்கு போகுதே, நீ யாரையாவது பாத்தியா?"ன்னு. "மரநாயா இருக்கும் பாக், நான் ஒரு கண்ணி வச்சுத் தரட்டுமா?"ன்னு கேட்டான். கண்ணி வைக்கணும்னா என் தோப்புக்குள்ள வரணும்ல? வேணாம்னுட்டேன்.

நானே பிடிச்சுரலாம்னு முடிவு பண்ணினேன். ஒரு நாள் மத்தியானம், செருப்பு, ரேடியோ, குலிங், குல்லா, எல்லாத்தையும் சரியா வச்சுட்டு அடுப்படி வழியா வந்து தோப்போட கடைக்கோடியில ஒரு பள்ளத்துல உக்காந்துட்டேன். முத்து வீட்டுல தூங்கறான்னு நினைச்சு இவன் வருவான், வந்தா கையும் களவுமா பிடிக்கலாம். கொசுக்கடியில உக்காந்திருக்கேன். வரல. ரொம்ப நேரம் வரல. சந்தேகப்பட்டுட்டான் போலன்னு நினைச்சேன்.

அப்பத்தான் கெந்தோங்கான் சத்தம் கேட்டுச்சு. காவல் குடிசையில தொங்குமே, குடைஞ்ச மரம், அதுதான். தட்டற விதத்துலயே சேதி தெரிஞ்சிரும். சாவுக்கு ஒரு மாதிரி, களவுக்கு ஒரு மாதிரி. மூணு மூணா தட்டினா நெருப்பு. மூணு மூணாத்தான் தட்டினாங்க.

நான் எழுந்திரிக்கல தம்பி. ஏன் முழிக்கறீங்க? நீங்களா இருந்தா ஓடியிருப்பீங்க. அதைத்தானே அவங்களும் எதிர்பாப்பாங்க? நெருப்பு நெருப்புன்னு தட்டினா தோப்புல ஒளிஞ்சிருக்கறவன் வெளிய வருவான், அப்புறம் பாக்கைப் பறிச்சிக்கலாம். இந்தத் தந்திரத்துக்கெல்லாம் மசியறவனா நான்? பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். புகை வந்துச்சு. புகையும் போட முடியும்ல, காஞ்ச ஓலையைக் கொளுத்தினா புகைதான். அப்புறம் என் ஆடு ரெண்டும் கயிறில்லாம என் முன்னால வந்து நின்னுச்சு. அப்பத்தான் எழுந்தேன்.

ஆட்டை அவுத்து விட்டது சூமினி. நான் போடற முடிச்சு லாரிக்காரன் முடிச்சு, லேசுல அவுறாது. அவளுக்கு எப்படி அவுக்கத் தெரிஞ்சுச்சு? கேட்டேன். அமராவதிதான் காட்டிக் கொடுத்தாளாம். செத்தவளை வந்து சாட்சி சொல்லச் சொல்ல முடியுமா?

நான் போறப்ப அடுப்படி ஓலைக்கூரை உள்ள விழுந்துட்டிருக்கு. எவனோ காட்டுப்பக்கம் புல்லுக்கு வச்ச நெருப்பு, காத்துல வந்து பிடிச்சிருக்கு. ஊரே வாளியோட நிக்குது. என்னைப் பாத்ததும் ஒரு பொம்பளை அய்யோன்னு வாயைப் பொத்திக்கிட்டா. பேயைப் பாத்த மாதிரி பாத்தாங்க எல்லாரும். தலைவரு என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு. "நீங்க இங்க இருக்கீங்கன்னா, அப்ப அது யாரு?"ன்னு கேக்கறாரு. அவரு கை காட்டின பக்கம் பாத்தேன்.

என் வாசலுக்கு வெளிய, மண்ணுல, இவன் முட்டி போட்டு உக்காந்திருக்கான். மடியில என் கம்பளி. கம்பளிக்குள்ள என் குலிங். அதைப் பிடிச்ச பிடியை விடல. கையில எது தோலு எது தார்ப்பாய்னு தெரியல. மழை ஒழுகக் கூடாதுன்னு கூரைக்கடியில நான் தார்ப்பாய் அடிச்சிருந்தேன், அது உருகி ஊத்தியிருக்கு.

நடந்தது என்னன்னு அவங்க சொல்றது இது. முதல்ல பாத்தது இவன்தானாம். ஓடி வந்து பாத்திருக்கான், வாசல்ல செருப்பு, உள்ள ரேடியோ பாடுது, கதவு உள்தாழ்ப்பாள். "பாக் முத்து, பாக் முத்து"ன்னு கத்தியிருக்கான். தோளாலயே ஜன்னலை உடைச்சு உள்ள குதிச்சிருக்கான். புகையில கண்ணு தெரியல. தடவிப் பாத்தா கட்டில்ல ஆளு. அப்படியே கம்பளியோட சுருட்டித் தூக்கிட்டு வந்திருக்கான். மேலேந்து ஊத்துதுன்னு தெரிஞ்சதும் தலை இருக்கற பக்கம் ரெண்டு கையையும் வச்சு மூடிக்கிட்டானாம்.

தலை இருக்கற பக்கம். கேட்டுக்கிட்டீங்களா தம்பி? நகை இருந்தது எந்தப் பக்கம்? தலைமாட்டுப் பக்கம். வீட்டுல பீரோ இருந்துச்சு, டிவி இருந்துச்சு, நெலத்துப் பத்திரம் பொட்டியில இருந்துச்சு. அதெல்லாம் எரிஞ்சாலும் பரவாயில்லன்னு விட்டுட்டு, ஒரு பஞ்சுத் தலகாணியை, அதுலயும் நகை இருந்த முனையை மட்டும், கை வெந்தாலும் விடாம மூடிக் கொண்டு வந்திருக்கான். இதைத் தற்செயல்னு சொல்றீங்களா? நான் என்ன நேத்துப் பொறந்தவனா?

என்னைக் காப்பாத்தப் போனானாம். நான்தான் அங்க இல்லையே. இல்லாத ஆளை எப்படிக் காப்பாத்த முடியும்? இதுக்கு இன்னிக்கு வரைக்கும் இந்த ஊருல ஒருத்தரும் எனக்கு நேரா பதில் சொல்லல. நான் கேட்டா குனிஞ்சுக்கறாங்க.

ஊர்க்கூட்டம் போட்டாங்க. எல்லார் முன்னாலயும் குலிங்கைப் பிரிச்சேன். கொடி இருந்துச்சு, வளையல் இருந்துச்சு, தோடு இருந்துச்சு. "எல்லாம் இருக்கே பாக் முத்து, அப்புறம் என்ன களவு?"ன்னு தலைவரு கேட்டாரு. அதுதானே எனக்குச் சந்தேகம்னேன். எடுக்க நேரம் கிடைக்கல, அதுக்குள்ள ஊரு கூடிருச்சு.

இவனைக் கேட்டாரு, நீ ஏதாவது சொல்றியான்னு. ரெண்டு கையிலயும் கட்டு, சூமினி பக்கத்துல உக்காந்து தாங்கிக்கிட்டிருக்கா. தலைவர் பக்கம் திரும்பினான். அப்புறம் சொன்னான்:

"தூக்கினப்ப ரொம்ப லேசா இருந்தாரு. அமராவதி அம்மா போனதுலேந்து மனுசன் சாப்பாடே சாப்பிடறதில்ல போலன்னு நினைச்சேன். பக்கத்துலயே இருந்தும் நாம கவனிக்காம விட்டுட்டமேன்னு இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். கூட்டத்துல பாதிப் பேரு கண்ணைத் துடைக்கறாங்க. அங்கதான் தம்பி எனக்கு நிச்சயமாச்சு. திருட்டுப் பய வாயில இப்படி ஒரு பேச்சு தானா வருமா? யோசிச்சு வச்சிருந்திருக்கான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்தப் பேச்சுத்தான் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அவ்வளவு நல்லா யோசிச்சிருக்கான்.

மறுநாளே போலீசு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிட்டேன். அவங்க ஒரு நாள் வந்து வாக்குமூலம் எழுதிக்கிட்டுப் போனாங்க. நான் அதுல கையெழுத்துப் போட்டா இவனைக் கூட்டிட்டுப் போவாங்க, கட்டோட. போடலன்னா ஒண்ணுமில்ல. நாளைக்கு வர்றாங்க. அதுக்குத்தான் உங்களை இன்னிக்கு அவசரமா வரவழைச்சிருக்காங்க, இல்லையா?

ஏன் இவன் வீட்டுலயே இருக்கேன்னு கேப்பீங்க. என் வீடு இருக்க லாயக்கில்ல. மேடான்ல இருக்கற என் பொண்ணு அங்க வரச் சொன்னா. தலைவரு அவரு வீட்டுக்குக் கூப்பிட்டாரு. நான் யோசிச்சேன். சந்தேகப்படற ஆளு கண்ணு முன்னால இருக்கணும். அதனால நேரா சூமினிகிட்ட வந்து, இங்க தங்கலாமான்னு கேட்டேன். ஒரு நிமிசம் யோசிக்கல தம்பி. முன் ரூமைக் கூட்டிப் பாயை விரிச்சுட்டா. தன் புருசன் மேல புகார் கொடுத்தவனுக்கு எவளாவது பாய் விரிப்பாளா? உள்ள என்னமோ இருக்கு. அது என்னன்னு தெரியற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

பாக்கு? பாக்கு இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. நேத்துக்கூட ஒரு குலை. இவனோ கட்டில்ல கெடக்கான். அப்ப கூட்டாளி ஒருத்தன் வெளிய இருக்கான்னுதானே அர்த்தம்?

அதோ பள்ளிவாசல்ல பாங்கு சொல்றாங்க. மத்தியானமாயிருச்சு. இருங்க தம்பி, எனக்கு வேலை இருக்கு. சூமினி தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போயிட்டா, இவன் சம்பாத்தியம் நின்னு போச்சுல்ல, அவ போய்த்தான் ஆகணும். திரும்பி வர சாயங்காலமாகும். தொழுகைக்கு இவனுக்கு மூஞ்சி, காலெல்லாம் தண்ணி விட்டு விடணும், கட்டு நனையாம. அப்புறம் சோறு ஊட்டணும். யாரு செய்வா? நான்தான்.

வேற எதுக்கோன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு ஆளோட உள்மனசு தெரியணும்னா அவன் சாப்பிடறப்ப பாக்கணும். லாரி ஓட்டின காலத்துலேந்து எனக்கு இது பழக்கம். குத்தமுள்ளவனுக்கு நெஞ்சுல அடைக்கும், முழுங்க முடியாது. நான் ஒவ்வொரு வாய்க்கும் இவன் மூஞ்சியையே பாக்கறேன். நல்லாத்தான் முழுங்கறான். முழுங்கிட்டு, "நீங்களும் சாப்பிடுங்க பாக்"னு சொல்றான். அப்படி ஊறிப் போன ஆளு. அதனால ரெண்டு தட்டா போடாம ஒரே தட்டுல போட்டுக்கறேன், அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். சோத்துல எதையாவது கலந்திருந்தா அவனுக்கும்தானே?

நாளைக்கா? நாளைக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது? லாக்கப்ல கொண்டு போய் வச்சா தட்டை முன்னால தள்ளிட்டுப் போயிருவாங்க. இவன் எப்படி எடுத்துத் திம்பான்? வாயில வேற சூடு பட்டிருக்கு, காரம் ஆகாது. அங்க எவன் காரம் பாத்துப் போடப் போறான்? மீனு வச்சா முள்ளு எடுக்கணும். எனக்கே இப்பத்தான் பழகியிருக்கு.

நீங்க போய்த் தலைவர்கிட்ட சொல்லிருங்க. புகார் புகார்தான், நான் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா இப்ப கையெழுத்துப் போட மாட்டேன். இவன் கை முழுசா நல்லாகட்டும். தானா சோத்தை அள்ளித் தின்னட்டும், அருவாக் கம்பைத் தூக்கட்டும். அன்னிக்கு வரச் சொல்லுங்க, போடறேன். அது வரைக்கும் போலீசு, ஊரு, யாரும் இந்த வாசப்படி மிதிக்க வேணாம்.

என்ன? கட்டு மாத்த வர்ற நர்சம்மா சொன்னதா? யாரு சொன்னாங்க உங்ககிட்ட, தலைவரா?

தெரியும் தம்பி. இவன் விரலு மடங்கினது மடங்கினதுதான், இனி நிமிராதுன்னு சொன்னாங்க. கட்டுப் பிரிக்கறப்ப பக்கத்துல உக்காந்திருந்தது நான்தானே.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, தண்ணி கொண்டு வரணும்.